பிடிப்பது எது? அச்சோலி ஆவிச்சொற்களும் அயலாரின் மொழிபெயர்ப்பும்

உகாண்டா நாட்டின் வடபகுதியில் அச்சோலி மக்கள் வாழும் நிலத்தில் இருபது ஆண்டுகள் நீடித்த போர், 2006 ஆகஸ்டில் கையெழுத்தான போர்நிறுத்த உடன்பாட்டோடு ஓய்ந்தது. போரின் உச்சத்தில் வட உகாண்டாவில் ஏறத்தாழ 18 லட்சம் பேர் முகாம்களில் அடைபட்டிருந்தனர். அடுத்துவந்த ஆண்டுகளில் முகாம்கள் ஒவ்வொன்றாகக் கலைய, மக்கள் புல்மண்டிக் கிடந்த தத்தம் ஊர்களுக்குத் திரும்பினர். காட்டைத் திருத்தும்போது மண்வெட்டியில் எலும்புகள் தட்டுப்பட்டன. எப்பக்கத்தவர், எக்குலத்தவர், யார் கையால் இறந்தவர் என்று அறியமுடியாத எலும்புகள். அந்நிலத்தில் விதைக்கலாமா, வீடு கட்டலாமா என்னும் கேள்வி எழுந்தது. அதைப் பேச அச்சோலி மொழியில் ஒரு சொல் ஆயத்தமாக இருந்தது. அது ‘சென்’ என்பதாகும்.

கொல்லப்பட்டவர், உரிய ஈமக்கடன் இன்றிக் கிடந்தவர், மனக்குறையோடு மடிந்தவர் ஆகியோரிடமிருந்து எழுவது சென். கொன்றவனை அது தொடரும். பிணத்தின் அருகே செல்ல நேர்ந்தவனையும் தொடரலாம். கொலையை அறியாத, கொன்றவனின் குலத்துக் குழந்தையையும் பற்றலாம். ஓர் இடத்திலேயே தங்கியும்விடலாம். கெட்ட கனவு, இறந்தவர் முகம் கண்முன் வந்து நிற்றல், காரணம் புலப்படாத நோய், திடீர் வெறி, ஒரே வீட்டில் அடுத்தடுத்து நிகழும் சாவு முதலியன அதன் அடையாளங்கள். இச்சொல்லின் முதலொலி ‘பச்சை’ என்பதில் இரட்டித்து வரும் வல்லொலியை ஒத்தது. ‘செய்தி’ என்பதன் முதலொலியை ஒத்ததன்று. அச்சோலி தொனிமொழியாதலின், தொனியையும் தமிழ் எழுத்திற் காட்ட வழியில்லை. ‘சென்றவர்’ என்னும் நம் சொல்லோடு இதற்கு உறவு கற்பிக்க முனைவோர் சற்றே பொறுத்தருள வேண்டும். இவ்வொலியொப்புமை முற்றிலும் தற்செயலானது.

போருக்குப் பின் இவ்வூர்களுக்குச் சென்ற அயலார் பலர்: உளவியலார், நிவாரணப் பணியாளர், நீதிமன்றப் புலனாய்வாளர், மானிடவியலார். அவர்களுக்கு ஒரு நூற்றாண்டு முன்பே மறைபரப்பாளர் சென்றிருந்தனர். இவர்களிற் பெரும்பாலோர், தாம் கேட்ட சொல்லின்மேல் தாம் கொண்டுவந்த பெயர்ச்சொல் ஒன்றை வைத்தனர். அப்பெயர்ச்சொற்கள் என்ன செய்தன என்பதே இக்கட்டுரையின் பொருள். ‘ஆவி’ என்று பொதுவாகச் சொல்வதும்கூட அத்தகையதொரு பெயர்ச்சொல்தான். வேறு சொல் கிடைக்கும்வரை வசதி கருதியே இங்கு ஆளப்படுகிறது.

பெயர்ச்சொல்லுக்கு முன் வினைச்சொல்லைக் காண்பது நலம். அச்சோலியில் நோயும் ஆவியும் ‘மாகோ’, அதாவது பிடித்தல், பற்றுதல் என்னும் வினையோடு வருகின்றன. பிடிக்கப்படும் மனிதர் செயப்படுபொருளாக நிற்கிறார்; பிடிப்பது எழுவாயாக நிற்கிறது. பசித்தவர்கூட ‘பசி என்னைக் கொல்கிறது’ என்னும் பொருள்பட ‘கெச் ஒனேகா’ என்பார். தமிழருக்கு இது புதிதன்று. நம்மைச் சளி பிடிக்கிறது, சனி பிடிக்கிறது, பேய் பிடிக்கிறது. ஆங்கிலத்தின் இயல்பான அமைப்போ மனிதரை எழுவாயாக்கி நோயை அவரது உடைமையாக்கிவிடுகிறது. இவ்வேறுபாட்டை வெறும் தொடரமைப்பு வேறுபாடென்று கடந்துவிடுதல் இயலாது.

இதனை ஆழமாக உணர்ந்த அயலார் ஒருவர் உண்டு. அச்சோலிக்கு உறவான, அதே மேற்கு நைலோட்டிய மொழிக்குழுவைச் சேர்ந்த திங்கா மொழி பேசுவோரிடையே ஆய்வு செய்த காட்ஃப்ரி லீன்ஹார்ட், 1961இல் வெளியிட்ட நூலில் ஒரு மனிதரைக் குறிப்பிடுகிறார். கார்ட்டூம் நகரச் சிறையில் இருந்து மீண்ட அவர், தம் குழந்தை ஒன்றுக்குக் கார்ட்டூம் என்றே பெயரிட்டார். சிறைவாசத்தை நினைவுகூரும் செயல் என்றே நாம் சொல்வோம். லீன்ஹார்ட்டின் விளக்கம் வேறு. அவர் கருத்தில், அனுபவங்களைச் சேமித்து வைக்கும் ‘மனம்’ என்றொரு களஞ்சியத்தைத் திங்கா மக்கள் கொள்வதில்லை. நாம் உள்ளிருந்து எழும் நினைவு என்பதை, அவர்கள் வெளியிலிருந்து மனிதன்மேல் செயற்படும் ஒன்றாகக் கொள்கின்றனர். அம்மனிதரைத் தொடர்ந்து வந்தது கார்ட்டூம். அதன் தீங்கைத் திருப்பிவிடவே அப்பெயர். எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்னும் இலக்கண வினா இங்கு மனிதனைப் பற்றிய வினாவாகவே ஆகிவிடுகிறது.

இனி, முதல் அயலாரிடம் வருவோம். இத்தாலியக் கத்தோலிக்கக் குருமார் 1911இல் குலுப் பகுதியில் மறைத்தளம் அமைத்தனர். அவர்கள் அச்சோலி மூத்தோரிடம் கேட்ட ஒரு கேள்வியை ஒகோட் பிபிடெக் தம் நூலொன்றில் எடுத்துரைக்கிறார். ஒகோட் 1931இல் குலுவிற் பிறந்த கவிஞர். உகாண்டாவின் காற்பந்து அணியோடு 1956இல் பிரிட்டன் சென்று, அங்கேயே தங்கிக் கல்வியியலும் சட்டமும் பயின்று, ஆக்ஸ்ஃபோர்டில் மானிடவியல் கற்றவர். ஆப்பிரிக்கரைக் காட்டுமிராண்டி என்னும் பொருள்படப் பேசிய ஆசிரியர்களை வகுப்பிலேயே எதிர்த்தவர். தம் மக்களின் சமயத்தை ஆராயும் கட்டாயத்தில் தாமே அயலாராக நிறுத்தப்பட்டவர் என்பதால் அவர் சொல்வதை ஊன்றிக் கேட்கலாம்.

குருமார் கேட்ட கேள்வி, ‘உங்களைப் படைத்தவர் யார்?’ என்பது. இல்லாததிலிருந்து ஒன்றை உண்டாக்குதல் என்னும் கருத்துக்கு அச்சோலியில் தனி வினை இல்லை. ஆகவே குயவர் மண்ணை வனைவதைக் குறிக்கும் ‘ச்வெயோ’ என்னும் வினையால் அது பெயர்க்கப்பட்டது. ‘உங்களை வனைந்தவர் யார்?’ மூத்தோருக்கு இது விளங்கவில்லை. மனிதர் தாய் வயிற்றிற் பிறக்கின்றனர்; யாரும் வனைவதில்லை. தெரியாது என்றனர். வந்தவர்கள் விடவில்லை. அப்போது ஒருவருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. நன்றாகப் பிறந்த மனிதனும் முதுகெலும்பு நோய் கண்டால் உருவம் வளைந்து, கூன் விழுந்து, வேறு வடிவம் பெறுகிறான். அவனை அப்படி வனைவது ‘ருபாங்கா’ என்னும் கொடிய ஆவி. அவர் அதைச் சொன்னார். அன்றுமுதல் ருபாங்கா அச்சோலியில் பரமபிதாவின் பெயராயிற்று. கத்தோலிக்கர் ருபாங்கா எனவும் சீர்திருத்தச் சபையார் லுபாங்கா எனவும் வழங்குகின்றனர்.

இக்கதையை அப்படியே வரலாறாகக் கொள்ளலாமா என்னும் ஐயம் எழுவது இயல்பே. தெற்கிலுள்ள ந்யோரோ மக்கள் படைப்புக் கடவுளை ருஹாங்கா என்பர். இரு பெயர்களுக்கும் உறவு இருக்கலாம் எனக் கருதுவோர் உண்டு. கதையில் கவிஞரின் கைவண்ணமும் கலந்திருக்கலாம். ஆயினும் கேட்டவரும் பெயர்த்தவரும் விடையளித்தவரும் தத்தம் மொழியில் நேர்மையாகவே நடந்துகொண்டும் நடுவே பெருந்தவறு விளையக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. தமிழில் பெயர்ப்போர் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூத்தோர் செவியில் விழுந்த கேள்வியைப் ‘படைத்தல்’ என்னும் வினையால் பெயர்த்தால் கதையே அழிந்துவிடும். நம் சொல் படைப்பையும் குறிக்கும், இலையிற் சோறு இடுவதையும் குறிக்கும், கூனை மட்டும் குறிக்காது. ‘வனைந்தவர்’ என்றாலே கதை நிற்கும்.

மறைபரப்பாளரை எள்ளி நகையாடுவது எளிது. நம் விவிலியத்திலேயே சீகன்பால்குவின் சருவேசுரன், பப்ரிசியுசின் பராபரன், 1871ஆம் ஆண்டுத் திருப்புதலின் தேவன், 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பின் கடவுள் என்று சொல் மாறிவந்துள்ளது. ஒவ்வொரு சொல்லும் தன் பழைய உறவினரை உடன் அழைத்து வந்தது. அச்சோலியில் நேர்ந்த வேறுபாடு, அழைத்துவரப்பட்ட உறவு ஒரு நோயாக இருந்ததே.

பெயரிடப்படாமல் எஞ்சியவற்றின் நிலை இன்னும் மோசமாயிற்று. ‘ஜோக்’, பன்மையில் ‘ஜோகி’, என்பது அச்சோலியிற் பரந்த பொருளுடைய சொல். ஒவ்வொரு சிற்றரசுக்கும் காவலான ஜோக் உண்டு. நோய் தரும் ஜோகி உண்டு. குறிசொல்லும் ‘அஜ்வாகா’வின்மேல் வரும் ஜோக் உண்டு. வெள்ளையர் வந்தபின் வெள்ளையர் ஜோக்கும் வந்தது. அயலார் இவர்களைப் பெயர்த்ததுபோல் இவர்களும் அயலாரைப் பெயர்த்துக்கொண்டனர். மறைபரப்பில் ஜோகி முழுவதும் சாத்தானின் பக்கம் ஒதுக்கப்பட்டன. தூய ஆவிக்கு ‘திபு மாலெங்’ என்னும் தொடர் அமைக்கப்பட்டது. திபு என்பது நிழல், இறந்தவரின் சாயல். மாலெங் என்பது தூய்மை.

இச்சொற்கூட்டம் எழுபது ஆண்டுகளுக்குப் பின் எவ்வாறு திரும்பி வந்தது என்பது வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று. 1986 ஜனவரியில் முசெவெனியின் படை தலைநகரைக் கைப்பற்றியதும், தோற்ற அரசுப் படையின் அச்சோலி வீரர்கள் ஊர் திரும்பினர். அவர்களுட் பலர் தெற்கே லுவேரோப் பகுதிப் போரில் கொலை செய்தவர்கள். கொன்று திரும்பியவன் சென் நீங்கும் சடங்கைச் செய்துகொண்ட பின்னரே ஊரிற் கலக்க வேண்டும் என்பது மரபு. பலர் அதற்கு இணங்கவில்லை. ஊரில் நேர்ந்த கேடுகளுக்கு மூத்தோர் அவர்களையே காரணமாக்கினர். அந்தப் போர் முடிந்த ஊர்களில் முதல் அயலாராக நின்றவர் அவ்வூர்ப் பிள்ளைகளே.

இந்நிலையில்தான் ஆலிஸ் அவுமா என்னும் பெண் எழுந்தார். 1985 மே 25 அன்று அவர்மேல் வந்ததாகச் சொல்லப்படும் ஆவியின் பெயர் லாக்வேனா. அச்சோலியில் ‘தூதன்’ என்று பொருள். முதல் உலகப்போர்க் காலத்தில் இறந்த ஓர் இத்தாலியப் படைவீரனின் ஆவி அது எனப்பட்டது. 1911இல் இத்தாலியர் வந்து கேள்வி கேட்டனர். 1985இல் ஓர் இத்தாலியர் அச்சோலிப் பெண்ணின் வாயால் விடை சொல்லலானார். அமெரிக்காவிலிருந்து வந்த ‘ராங் எலிமென்ட்’, ஜயரிலிருந்து வந்த ‘ஃபிராங்கோ’ முதலிய வேறு ஆவிகளும் அவர்மேல் வந்தன. ஆவிகள் சொன்னவற்றை எழுத்தர் ஒருவர் ஏட்டிற் பதிந்தார். இவையெல்லாம் ஜோகி அல்ல, திபு மாலெங் என்பதே ஆலிஸின் வாதம். மறைபரப்பாளர் அமைத்த சொல்லைக் கொண்டே அவர் அஜ்வாகாக்களைத் தள்ளினார். வீரர்களைச் சென்னிலிருந்து தூய்மை செய்து படை திரட்டினார். அப்படை 1987இன் இறுதியில் ஜிஞ்சா நகரை நெருங்கிய நிலையில் முறியடிக்கப்பட்டது. ஆலிஸ் கென்யாவுக்குத் தப்பி, 2007 ஜனவரியில் அகதி முகாமில் இறந்தார்.

வெளியுலகச் செய்திகள் இதனை மூடநம்பிக்கைப் படை என எழுதின. எண்ணெய் பூசினால் குண்டு துளைக்காது என்று நம்பியவர்கள் என்பதோடு செய்தி முடிந்தது. ஜெர்மானிய மானிடவியலார் ஹைக்க பேரெண்ட் 1993இல் வெளியிட்ட நூலே, கொலை செய்தவர்களை மீண்டும் மனிதராக்கும் வழி அடைபட்டபோது பிறந்த இயக்கம் இது என்று தெளிவாகக் காட்டியது. ஆலிஸின் சாயலில் ஜோசப் கோனி தொடங்கிய படையே பின்னாளில் பிள்ளைகளைக் கடத்திச் சென்று, கொல்லவும் கட்டாயப்படுத்திய லார்ட்ஸ் ரெசிஸ்டன்ஸ் ஆர்மி. சென்னை நீக்கப் புறப்பட்ட சொல்வழக்கு, எண்ணற்ற புதிய சென்களை விளைவித்தது.

அயலார் எல்லாரும் தவறினர் என்பதன்று. 2000 அக்டோபரில் குலுப் பகுதியில் எபோலா நோய் பரவியது. 2001 ஜனவரி வரை உகாண்டாவில் 425 பேரைப் பீடித்து 224 பேரைக் கொன்றது. மருத்துவ மானிடவியலார் பேரி ஹியூலெட் அங்குச் சென்றபோது மக்கள் அதனை ‘கேமோ’ என்றனர். காற்றுப்போல் வந்து பலரை ஒருங்கே பற்றும் தீய ஆவி என்பது பொருள். அச்சொல்லுக்கு நேரான ஆங்கிலச் சொல்லைத் தேடியதோடு அவர் நின்றுவிடவில்லை. கேமோ வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நோயாளியை ஏனைய வீடுகளிலிருந்து தொலைவில் தனி வீட்டில் வைத்தல்; முன்பு நோய் கண்டு பிழைத்தவரே பணிவிடை செய்தல்; அவ்வீட்டின்முன் நீண்ட யானைப்புல் கழிகளை நட்டு அடையாளமிடுதல்; ஊர்விட்டு ஊர் செல்லாதிருத்தல்; நடனத்தை நிறுத்துதல்; குணமானவரும் ஒரு திங்கள் தனித்திருத்தல். நோய்த்தடுப்பு அறிஞர் வகுக்கும் நெறிகளோடு இவை பெரிதும் பொருந்தின. அவரும் அமோலா என்னும் உடனாய்வாளரும் 2003இல் இதனை எழுதினர். ‘தீய ஆவி’ என்னும் பெயர்ப்பு பிழையன்று. அதனோடு நின்றிருந்தால், அச்சொல்லுக்குள் இருந்த மருத்துவம் முழுவதும் கண்ணிற் படாமற் போயிருக்கும்.

மீண்டும் 2006க்குப் பிந்திய ஊர்களுக்கு வருவோம். உளவியலார் கொண்டுவந்த சொல் ‘உளக்காயம்’. கடத்தப்பட்டு மீண்டவர்கள் இறந்தவர் முகத்தைக் காண்பதும் கனவில் அலறுவதும் அவர்களுடைய நோய்ப்பட்டியலுக்கு நன்றாகவே பொருந்தின. சென் பிடித்த அனுபவங்களை அளக்கும் வினாநிரலே அமைத்து, அதன் முடிவுகளை 2012இல் ஆய்விதழொன்றில் வெளியிட்டனர். இப்பணியைக் குறைத்துரைத்தல் தகாது. துயருற்றோர் பலர் அதனாற் கவனிப்புப் பெற்றனர். பொருந்தாத இடம் ஒன்றே. உளக்காயம் ஒருவருடைய தலைக்குள் இருப்பது. அவர் தேறினால் தீர்வது. சென்னுக்கு உரியவர் அவர் மட்டுமல்லர். அதன் மறுமுனையில், உரியது கிடைக்காத இறந்தவர் ஒருவர் நிற்கிறார். மருந்துண்டு நன்கு உறங்கத் தொடங்கிய இளைஞனின் தம்பிக்குக் காய்ச்சல் கண்டால், ஊர் அவனையே திரும்பிப் பார்க்கும். லீதா விக்டர், ஹாலி போர்ட்டர் ஆகியோர் 2017இல் எழுதிய கட்டுரை சென்னை ‘அஜ்வானி’, அதாவது அழுக்கானவை, என்னும் பரந்த வகையுள் வைத்து நோக்குகிறது. அழுக்கு என்பது ஒட்டுவது, பரவுவது. அதை ஒருவருடைய நினைவு என்று பெயர்த்தால் ஒட்டுதலும் பரவுதலும் விடுபட்டுப்போகும்.

சட்டத்தார் கொண்டுவந்தது வேறொரு சொல்: ‘மரபுவழி நீதி’. ‘மாடோ ஓபுட்’ என்பது ஓபுட் மரத்தின் கசப்பு வேர்ச்சாற்றை இரு குலத்தாரும் சேர்ந்து அருந்தும் சடங்கு. கொன்றவன் தரப்பு குற்றத்தை ஏற்று, ஈடு கொடுத்த பின்னரே அது நிகழும். 2007 ஜூன் 29 அன்று ஜூபாவில் கையெழுத்தான உடன்பாட்டில் இச்சடங்கு, பிற இனத்தாரின் சடங்குகளோடு சேர்த்துப் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டது. மன்னிப்பையே பண்பாடாகக் கொண்ட மக்கள் என்னும் புகழ் அச்சோலிக்கு வெளிநாடுகளில் வந்து சேர்ந்தது. டிம் ஆலன் 2006இல் எழுதிய நூலிலேயே இதனை மறுத்தார். உதவி நிறுவனங்களின் ஊக்கத்தால் இச்சடங்கு தகுதிக்கு மீறிப் பெரிதாக்கப்பட்டது என்பது அவர் கருத்து. எனக்கு அது சரியென்றே படுகிறது. மாடோ ஓபுட் நடக்கக் கொன்றவர் பெயரும் இறந்தவர் குலமும் தெரிய வேண்டும். மண்வெட்டியில் தட்டுப்பட்ட எலும்புக்குப் பெயரில்லை. அவ்விடங்களில் மூத்தோர் செய்தது ‘மோயோ பிஞ்’ என்னும் நிலத்தூய்மைச் சடங்கே. ஆட்டைப் பலியிட்டு இடத்தைத் தூய்மை செய்யும் இதற்குப் பெயர் தெரியவேண்டியதில்லை. உடன்பாடுகளில் அது பெரிதாகப் பேசப்படவுமில்லை.

டொமினிக் ஒங்வென் வழக்கில் இச்சொற்களெல்லாம் ஒரே அறையில் கூடின. சிறுவயதிற் கடத்தப்பட்டு, அப்படையின் தளபதியாகவே உயர்ந்த அவர்மீது ஹேக் நகரில் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தில் 2016 டிசம்பரில் விசாரணை தொடங்கியது. கோனியின்மேல் வரும் ஆவிகள் எல்லாவற்றையும் அறியும் என்னும் அச்சத்திலேயே அவர் கட்டுண்டிருந்தார் எனத் தற்காப்புத் தரப்பு வாதிட்டது. புதிதாகக் கடத்தப்பட்டவரிடம் அந்நம்பிக்கை வலுவாக இருந்தது, நெடுநாள் இருந்தவரிடம் அது தளர்ந்தது என்று நீதிபதிகள் கண்டனர். அவர்கள் கேட்டது நம்பினாரா, இல்லையா என்னும் கேள்வி. பிடித்தல் என்னும் வினைக்கு நம்புதல் என்னும் வினை ஈடாகுமா என்பது என் ஐயம். காய்ச்சல் பிடித்தவரிடம் காய்ச்சலை நம்பினீரா என்று யாரும் கேட்பதில்லை. ஆயினும் எதிர்த்தரப்பில் எரிக்கப்பட்ட ஊர்களும் வன்கொடுமைக்கு ஆளான பெண்களும் இருக்கையில் நீதிமன்றம் வேறெதைக் கேட்டிருக்க முடியும் என்பதும் எனக்குத் தெளிவாக இல்லை. 2021 பிப்ரவரி 4 அன்று 61 குற்றங்களில் அவர் குற்றவாளியென அறிவிக்கப்பட்டார். மே 6 அன்று 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மாடோ ஓபுட் முறையைக் கருத்திற் கொள்ளுமாறு கேட்டதையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2022 டிசம்பரில் மேல்முறையீட்டிலும் தீர்ப்பு உறுதியாயிற்று.

தமிழில் இவ்வரலாற்றை எழுதுவோர் சென்னுக்கு என்ன சொல்லை வைப்பது? பேய் என்றால் புளியமரமும் வெள்ளைச் சேலையும் உடன்வரும். ஆவி என்றால் பரிசுத்த ஆவியோடு குழம்பும். அது திபு மாலெங்கின் இடம். மிக நெருங்கி வருவது பழி. பழி தொடரும், குலத்தைச் சேரும், தீர்க்கப்படும், கொலைப்பழி என்கிறோம், பழையனூர் நீலியின் கதை நமக்குத் தெரியும். ஆனால் பழி காய்ச்சலாக வராது; வயலில் கிடக்கும் எலும்பைத் தாண்டியதால் மட்டும் வழிப்போக்கனைப் பற்றவும் செய்யாது. இப்போதைக்குச் ‘சென்’ என்றே விட்டு, ‘பிடித்தது’ என்னும் வினையை மட்டும் நம்முடையதாக வைத்துக்கொள்கிறேன். அச்சுக்கோப்பவர் அதை ஒவ்வொரு முறையும் ‘சென்ற’ என்று திருத்தி அனுப்புகிறார்.